மெத்தென்ற சீட்டா, மக்கர் பண்ணாத எஞ்சினா? அமெரிக்காவில் பழைய சொகுசு கார் வாங்க முழு வழிகாட்டி

மாதம் ஒருமுறையாவது இப்படி ஒரு வாட்ஸ்அப் வந்துவிடும். போன மாதம் வந்தது இது: "அண்ணா, 2016 மெர்சிடிஸ் எஸ்550, 24 ஆயிரம் டாலருக்கு நிக்குது. புது டொயோட்டா கேம்ரியை விட கம்மி. தூக்கிடலாமா?" கூடவே நாலு படம். பழுப்புத் தோல் சீட், பளபளக்கும் மரப்பலகை, கதவோரம் நீல வெளிச்சம். பார்த்ததும் எனக்கே ஒரு நிமிடம் கை துறுதுறுத்தது.

அந்தக் கார் புதிதாக இறங்கியபோது ஏறக்குறைய ஒரு லட்சம் டாலர். முதல் ஓனர் முக்கால்வாசியைக் கரைத்துவிட்டார், மிச்சம் நமக்கு லாபம் என்றுதான் தோன்றும். ஆனால் விலை இறங்கியது காருக்கு மட்டும்தான். அதன் ஷாக் அப்சார்பரும் ஹெட்லைட்டும் இன்னும் லட்ச டாலர் காரின் ஷாக் அப்சார்பர், ஹெட்லைட் விலையிலேயே இருக்கின்றன. ஐரோப்பிய கார் நல்லதா, அமெரிக்க கார் நல்லதா என்ற சண்டையில் முக்கால்வாசி இந்த ஒரு கணக்கைப் போடாததால் வருவது. அந்தக் கணக்கைப் போடும் வழிதான் கீழே இருக்கிறது. நான் மிச்சிகன்காரன், இரண்டு பக்கத்துக் கார்களையும் ஓட்டியிருக்கிறேன், இரண்டிலும் அடி வாங்கியிருக்கிறேன். அதனால் என் கருத்தும் நடுநடுவே வரும்.

படி 1: எந்த ஐந்து வருடம் உங்களுடையது?

முதலில் ஒரு தாளில் எழுதுங்கள்: காரின் எந்த வயதிலிருந்து எந்த வயது வரை நீங்கள் ஓட்டப் போகிறீர்கள்? புதிதாக லீஸ் எடுத்து மூன்று வருடத்தில் சாவியைத் திருப்பிக் கொடுப்பவர் என்றால் இந்தக் கட்டுரையே உங்களுக்கு வேண்டாம். பிடித்ததை எடுங்கள். ஏதாவது உடைந்தால் கம்பெனி பார்த்துக்கொள்ளும்.

ஐந்தாவது வருடத்தில் வாங்கி பத்தாவது வருடம் வரை வைத்திருப்பவருக்குத்தான் சிக்கல். ஜெர்மன் சொகுசு கார்கள் அமெரிக்காவில் பெருமளவு லீஸில் போகின்றன. முதல் ஓனருக்கு மூன்றாம் வருடத்துக்கு மேல் அக்கறை இல்லை. ஒரு காலத்தில் பிஎம்டபிள்யூ நான்கு வருட சர்வீஸை இலவசமாகக் கொடுத்தது. அப்போது ஆயில் மாற்றும் இடைவெளி 15,000 மைல் வரை போனது. பில் கட்டுவது கம்பெனி என்றால் இடைவெளி நீளமாக இருப்பது யாருக்கு வசதி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காலத்துக் காரை இன்று வாங்குபவர்தான் அதற்கான விலையைக் கொடுக்கிறார்.

வாரன்டி முடிந்த ஜெர்மன் காருக்கு வருடம் 2,500 டாலர், காடிலாக், லிங்கன் போன்ற அமெரிக்க வகையறாவுக்கு 1,200 டாலர் என்று ரிப்பேருக்காக ஒதுக்குவேன். இது என் கைக்கணக்கு, எந்தச் சர்வேயும் இல்லை. சில வருடம் செலவே வராது, சில வருடம் மொத்தமாக வாங்கிவிடும். அந்தத் தொகையை ஒதுக்க மனம் வரவில்லை என்றால் இரண்டு வகையுமே வேண்டாம், டொயோட்டாவின் சொகுசு பிராண்டான லெக்சஸ் பக்கம் போய்விடுங்கள்.

படி 2: சொகுசைப் பிரித்துப் போடுங்கள்

எல்லாவற்றையும் சேர்த்து 'லக்ஷுரி' என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். பிரித்துப் பார்த்தால் அதில் பாதி உடையவே உடையாது. நல்ல தோல், தடிமனான கண்ணாடி, கதவு மூடும் சத்தம், ஸ்டீயரிங்கின் கனம், 75 மைல் வேகத்திலும் மெதுவாகப் பேசினால் கேட்கும் அமைதி இதெல்லாம் பத்து வருடம் ஆனாலும் அப்படியே இருக்கும். மீதிப் பாதி மோட்டார், பம்ப், வால்வு, சென்சார். தானாக இழுத்து மூடிக்கொள்ளும் கதவு, மசாஜ் சீட், பனோரமிக் கூரை, காற்றில் நிற்கும் சஸ்பென்ஷன் எல்லாம் இந்த ரகம்.

காற்று சஸ்பென்ஷன் பற்றி என்னிடம் ஒரு கதை இருக்கிறது. நான் முதலில் வாங்கிய ஐரோப்பிய கார், கம்பெனி பெயர் வேண்டாம், எட்டு வயது. ஒரு ஜனவரி காலை, வெளியே மைனஸ் 18 டிகிரி. கதவைத் திறந்து பார்த்தால் வலது முன்பக்கம் மட்டும் தரையோடு ஒட்டிக் கிடக்கிறது, களைத்துப்போன மாடு முன்காலை மடக்கிப் படுத்த மாதிரி. குளிரில் ரப்பர் பை இறுகி, வெடிப்பு வழியாக இரவெல்லாம் காற்று கசிந்திருக்கிறது. எஞ்சினைப் போட்டதும் கம்ப்ரஸர் உறுமியது, கார் மெல்ல எழுந்தது. ஆஹா, சரியாகிவிட்டது என்று இரண்டு வாரம் அப்படியே ஓட்டினேன். தப்பு அங்கேதான். கசிகிற பையை நிரப்பி நிரப்பி கம்ப்ரஸரும் எரிந்துபோனது. முன்பக்க ஸ்ட்ரட் (காற்றுப் பையும் ஷாக்கும் சேர்ந்த பாகம்) இரண்டும், கம்ப்ரஸரும் சேர்த்து டீலர் கொடுத்த எஸ்டிமேட் 4,600 டாலர். காரை நான் வாங்கியதே 13 ஆயிரத்துக்கு.

எஸ்550-இல் வழக்கமாக வருவது அந்தக் காற்று சஸ்பென்ஷன்தான். ஆனால் அதே கம்பெனியின் இ-கிளாஸில் சாதா இரும்பு ஸ்பிரிங்கோடு வந்தவை நிறைய. ஓட்டும் சுகத்தில் பத்தில் எட்டு பங்கு அதிலும் கிடைக்கிறது. அமெரிக்கப் பக்கமும் இதே பாடம்தான். காடிலாக் 2002-இல் கொண்டுவந்த மேக்னடிக் சஸ்பென்ஷன், அதாவது காந்தத்தால் ஷாக்கின் இறுக்கத்தை மாற்றுவது, அற்புதமான விஷயம், பின்னால் ஆடியும் ஃபெராரியும்கூட எடுத்துக்கொண்டன. ஆனால் அந்த ஷாக் கசிந்தால் ஒன்றின் விலையே சாதாரண ஷாக்கின் பல மடங்கு.

ஒன்றைக் கவனியுங்கள். இரண்டு நாட்டுக்காரர்கள் 'சொகுசு' என்று சொல்வதே வேறு வேறு. ஜெர்மன்காரனுக்கு அவன் ஊர் விரைவுச்சாலையான ஆட்டோபானில் 200 கிலோமீட்டர் வேகத்தில் கார் தரையைக் கவ்வி நிற்பது சொகுசு. அமெரிக்கக்காரனுக்கு நேர்கோட்டுச் சாலையில் எட்டு மணி நேரம் உட்கார்ந்தும் முதுகு வலிக்காதது சொகுசு. 2017 முதல் 2020 வரை வந்த லிங்கன் கான்டினென்டலில் 30 விதமாக அசையும் சீட் கிடைக்கும். வளைவில் அது பிஎம்டபிள்யூ ஓட்டும் உணர்வைத் தராது. நீங்கள் தினம் போவது எந்தச் சாலை? என் ஊர்ச் சாலைகளில் பனிக்காலம் முடிந்ததும் குழிகள் வாயைப் பிளந்து நிற்கும். தாழ்ந்த பக்கச்சுவரோடு வரும் ரன்-ஃபிளாட் டயர்கள் (பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓடும் வகை) இங்கே பொரி மாதிரி வெடிக்கின்றன. அவற்றோடு வரும் பல கார்களில் ஸ்டெப்னியும் கிடையாது.

படி 3: பிறந்த ஊரைப் பார்க்காதீர்கள்

இது சின்ன படி. ஒவ்வொரு காருக்கும் உள்ள அடையாள எண்ணான வின் நம்பர் 17 எழுத்து. முதல் எழுத்து 1, 4, 5 என்றால் அமெரிக்கா, 2 கனடா, 3 மெக்சிகோ, டபிள்யூ ஜெர்மனி. பிஎம்டபிள்யூ எக்ஸ்5 வாங்கியவர் பானெட்டைத் தட்டி "ஜெர்மன் இரும்பு" என்பார். அது சவுத் கரோலினாவின் ஸ்பார்ட்டன்பர்க்கில் பிறந்தது. மெர்சிடிஸ் ஜிஎல்இ அலபாமாக்காரன். மறுபக்கம், 2024 முதல் வரும் லிங்கன் நாட்டிலஸ் சீனாவில் செய்யப்படுகிறது. கிரைஸ்லர் 300 கனடாவில் தயாரான அமெரிக்க கார். அதன் அடித்தளத்தில், மெர்சிடிஸின் தாய்க் கம்பெனி டைம்லரும் கிரைஸ்லரும் கல்யாணம் கட்டியிருந்த காலத்து மெர்சிடிஸ் வேலை இருக்கிறது, பின்னால் வந்ததில் பிஎம்டபிள்யூ பயன்படுத்தும், இசட்எஃப் என்ற ஜெர்மன் கியர்பாக்ஸ் கம்பெனியின் அதே எட்டு கியர் வடிவமைப்பும் உண்டு. ஜாகுவாரும் லேண்ட் ரோவரும் 2008 முதல் டாடாவுடையவை.

நாடு முழுக்கப் பொருளற்றது என்று சொல்ல வரவில்லை. ஜெர்மனியில் மூன்று வயதான காரை அதன்பின் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கறாரான சோதனையில் காட்டியாக வேண்டும். ரப்பர் புஷ், பிரேக் டிஸ்க், குழாய் எல்லாம் தேயும், காலத்தில் மாற்றுவார்கள் என்று நம்பித்தான் அங்கே கார் வடிவமைக்கிறார்கள். மிச்சிகனில் அப்படிச் சோதனையே கிடையாது. நியூ ஜெர்சியிலும் 2010-இல் பாதுகாப்புச் சோதனையை நிறுத்தினார்கள். அப்படி ஒரு காரை அப்படி ஒரு ஊரில் பத்து வருடம் கண்டுகொள்ளாமல் விட்டால் என்ன ஆகுமோ அதுதான் ஆகிறது.

படி 4: பேட்ஜை விடுங்கள், எஞ்சினையும் வருடத்தையும் பாருங்கள்

இங்கே நிதானமாகப் படியுங்கள். "பிஎம்டபிள்யூ நம்பகமானதா?" என்ற கேள்விக்குப் பதிலே கிடையாது. "எந்த எஞ்சின், எந்த வருடம்?" என்று கேட்டால்தான் பதில் உண்டு.

பிஎம்டபிள்யூவில் என்20 என்ற நாலு சிலிண்டர் டர்போ, 2012-இலிருந்து 328ஐ போன்றவற்றில் வந்தது. வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் டைமிங் செயினைப் பிடித்திருக்கும் வழிகாட்டிப் பட்டை பிளாஸ்டிக். அது நொறுங்கினால் துண்டுகள் ஆயில் பானில் விழும், செயின் தளர்ந்தால் எஞ்சினே போகும். 2015-இல் பாகங்களை மாற்றினார்கள். என்63 என்ற வி8 இன்னும் மோசம். இரண்டு டர்போவையும் எஞ்சினின் நடுப் பள்ளத்திலேயே வைத்தார்கள். அடுப்பை ஃபிரிட்ஜுக்குள் வைத்த மாதிரி. அந்த வெப்பத்தில் சீல்கள் இறுகி ஆயில் குடிக்க ஆரம்பித்தது. 2014 இறுதியில் கம்பெனியே அந்த எஞ்சினுக்கென்று தனி சர்வீஸ் திட்டம் அறிவிக்க வேண்டி வந்தது. இப்போது அதே கம்பெனியின் பி58. 2015-இல் வந்த ஆறு சிலிண்டர், 340ஐ முதல் எக்ஸ்5 வரை இருக்கிறது. டொயோட்டா தன் சுப்ராவுக்கு இதைத்தான் எடுத்துக்கொண்டது. பழைய ஐரோப்பிய கார்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்பவரிடம் நான் முதலில் சொல்லும் எஞ்சின் இது.

ஆடியில் 2009 முதல் 2011 வரையிலான இரண்டு லிட்டர் டர்போ, பிஸ்டன் வளையக் கோளாறால் ஆயில் எரிப்பதில் பேர்போனது. விற்பவர் டிக்கியில் ஒரு லிட்டர் ஆயில் பாட்டில் உருள்கிறதா பாருங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை.

"அப்போ அமெரிக்க கார்தான் சேஃப்" என்று எழுந்து போகாதீர்கள். தொண்ணூறுகளின் காடிலாக் நார்த்ஸ்டார் வி8-இல் சிலிண்டர் ஹெட் போல்ட் அலுமினியத்தைப் பிய்த்துக்கொண்டு வந்த கதை இன்றும் மெக்கானிக்குகளைச் சிரிக்க வைக்கும். அது பழைய கதை என்றால் புதியது இதோ: 2021 முதல் 2024 வரையிலான காடிலாக் எஸ்கலேட் உள்ளிட்ட, காடிலாக்கின் தாய்க் கம்பெனி ஜிஎம் வண்டிகளின் 6.2 லிட்டர் வி8, கிராங்க்ஷாஃப்ட், பேரிங் கோளாறுக்காக 2025 ஏப்ரலில் திரும்ப அழைக்கப்பட்டது. அமெரிக்காவில் மட்டும் ஏறக்குறைய 6 லட்சம் வண்டிகள்.

லிங்கனில் ஒரு பொறி இருக்கிறது. எம்கேஎக்ஸ் போன்றவற்றில் வந்த 3.5, 3.7 லிட்டர் வி6-இல் வாட்டர் பம்ப் எஞ்சினுக்குள்ளே, டைமிங் செயினால் சுற்றுகிறது. பெரும்பாலான கார்களில் இது வெளியே பெல்ட்டில் இருக்கும், கசிந்தால் தரையில் சொட்டும், மாற்றிவிடலாம். இதிலோ உள்ளே கசியும் கூலன்ட் நேராக ஆயிலில் போய்க் கலக்கலாம். பாகத்தின் விலை சொற்பம், எஞ்சினின் முன்பக்கத்தைத் திறக்கும் கூலிதான் ஆயிரக்கணக்கில் போகும். மற்றபடி அந்த எஞ்சின் நன்றாகவே ஓடும். டர்போ இல்லை, சாதா 87 ஆக்டேன் பெட்ரோலே போதும். ஜெர்மன் கார்களில் பலவும் 91 கேட்கும். (அமெரிக்காவில் ஆக்டேன் கணக்கே வேறு. இங்கத்திய 87-தான் ஏறக்குறைய நம்மூர் 91. நம்மூர் நினைப்பில் "நான் 91-தான் போடுகிறேன்" என்று வீண் செலவு செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.)

படி 5: தர வரிசைப் பட்டியல்களைப் படிக்கும் முறை

ஜே.டி. பவர் என்ற சர்வே கம்பெனியின் நம்பகத்தன்மை ஆய்வு மூன்று வயதுக் கார்களைப் பற்றியது, 100 காருக்கு எத்தனை பிரச்சினை என்று எண்ணுகிறது. 2025 பட்டியலில் லெக்சஸ் 140, பியூக் 143, சராசரி 202. அமெரிக்க பிராண்டான பியூக் இரண்டாமிடமா என்று ஆச்சரியப்படுவீர்கள், ஆனால் அது பல வருடமாக மேலேதான் இருக்கிறது. அதே பட்டியலில் அதிகப் புகார் வருவது திரை, போன் இணைப்பு சமாச்சாரங்களில். போன் கனெக்ட் ஆகாததும் கியர்பாக்ஸ் போவதும் அங்கே ஒரே ஒரு புள்ளிதான். உங்கள் பர்ஸுக்கு அப்படி இல்லை. ஆக, கம்பெனி சராசரியைப் பார்த்துவிட்டு மூடிவிடுங்கள். நீங்கள் வாங்கும் மாடலுக்கு அரசின் சாலைப் பாதுகாப்புத் துறைத் தளத்தில் வந்துள்ள புகார்களைப் படியுங்கள். வின் நம்பரைப் போட்டால் செய்யாமல் விட்ட ரீகால் (கம்பெனி திரும்ப அழைத்துச் சரிசெய்யும் வேலை) இருக்கிறதா என்பதும் இலவசமாகத் தெரியும்.

படி 6: வாரன்டியும் காகிதங்களும்

பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ், ஆடி, வால்வோ நான்குமே புதிய காருக்கு 4 வருடம் அல்லது 50,000 மைல் வாரன்டி தருகின்றன, எஞ்சினுக்கும் கியருக்கும் அதே கெடுதான். காடிலாக், லிங்கன் இரண்டும் மொத்தக் காருக்கு அதே 4/50,000 என்றாலும், எஞ்சின் கியருக்கு 6 வருடம் அல்லது 70,000 மைல். அதாவது ஐந்து வயது, 55,000 மைல் ஓடிய காடிலாக் வாங்கினால் எஞ்சின் இன்னும் கம்பெனி பொறுப்பு. அதே வயது ஜெர்மன் கார் முழுக்க உங்கள் பொறுப்பு. வாங்கும் பலருக்கு இந்த இரண்டு வருட வித்தியாசமே தெரிவதில்லை. கூடவே, புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கும் எஞ்சின் கம்ப்யூட்டருக்கும் மத்தியச் சட்டப்படி 8 வருடம் அல்லது 80,000 மைல் உண்டு, எந்தக் கம்பெனியானாலும்.

டீலரிடம் வாங்கினால் ஜன்னலில் 'பையர்ஸ் கைடு' ஒட்டியிருக்க வேண்டும். அதில் 'ஆஸ் ஈஸ்' (உள்ளது உள்ளபடி, டீலர் வாரன்டி இல்லை) கட்டத்தில் டிக் இருந்தால் கேட்டைத் தாண்டியதும் உங்கள் பாடு. உரிமைப் பத்திரமான டைட்டில் 'சால்வேஜா', அதாவது பெரிய சேதத்தால் கழித்துக்கட்டிய காரா என்று பாருங்கள். வெளியே சர்வீஸ் செய்தால் வாரன்டி போய்விடும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள். 1975-ஆம் வருட மேக்னசன்-மாஸ் சட்டம் அதைத் தடுக்கிறது. ரசீது மட்டும் இருக்க வேண்டும்.

படி 7: காருக்கு முன் மெக்கானிக்

ஐரோப்பிய கார் என்றால் 30 மைலுக்குள் அந்தக் காரையே பிழைப்பாக வைத்திருக்கும் தனி மெக்கானிக் இருக்கிறாரா என்று முதலில் தேடுங்கள். இல்லை என்றால் வாங்காதீர்கள், அவ்வளவுதான். பிஎம்டபிள்யூவில் பேட்டரி மாற்றினால்கூட புதிய பேட்டரி வந்திருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குப் பதிவு செய்ய வேண்டும், செய்யாவிட்டால் பழைய பேட்டரி என்று நினைத்தே சார்ஜ் செய்யும். காடிலாக்கையோ லிங்கனையோ எந்தச் சின்ன ஊர் ஷாப்பிலும் திறந்து பார்த்துவிடுவார்கள். பாகங்களில் பல ஷெவ்ரலே, ஃபோர்டு வண்டிகளோடு பொதுவானவை.

படி 8: பார்க்கப் போகும் நாள்

"எஞ்சின் ஆறியிருக்கட்டும், நான் வந்துதான் ஸ்டார்ட் செய்வேன்" என்று விற்பவரிடம் முன்பே சொல்லுங்கள். போனதும் பானெட் மேல் உள்ளங்கையை வையுங்கள். சூடாக இருந்தால் ஏதோ ஒரு சத்தத்தை மறைக்கிறார். செயின் தளர்வும் கேம் பாகங்களின் கடகடப்பும் ஆறிய எஞ்சின் எழும் முதல் மூன்று விநாடியில்தான் கேட்கும். ரேடியோவை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுங்கள்.

அப்புறம் காரின் கம்ப்யூட்டரைப் படித்துக் காட்டும், 25 டாலருக்குக் கிடைக்கும் ஓபிடி ஸ்கேனர். 1996 முதல் வந்த எல்லாப் பெட்ரோல் காரிலும் ஸ்டீயரிங்குக்குக் கீழே அதற்கான பிளக் இருக்கும். எல்லோரும் எரர் கோடு இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள். நீங்கள் 'ரெடினஸ்' பக்கத்தைத் திறங்கள். கார் தன்னைத்தானே செய்துகொள்ளும் சோதனைகள் முடிந்தனவா என்று அதில் வரும். யாராவது நேற்று கோடுகளை அழித்திருந்தால் பாதிச் சோதனை முடியாமல் நிற்கும்.

எஸ்550 தம்பியுடன் போனபோது இதுதான் நடந்தது. கார் கண்ணாடி மாதிரி இருந்தது, டாஷ்போர்டில் ஒரு விளக்கும் இல்லை. ஸ்கேனரில் நாலு சோதனை முடியவில்லை. கேட்டதற்கு "நேத்துதான் பேட்டரி மாத்தினேன்" என்றார் விற்பவர். அது பொய் என்று சொல்ல முடியாது, பேட்டரியைக் கழற்றினாலும் அப்படி வரும். "சரி, நீங்களே நாலு நாள் ஓட்டுங்க, சனிக்கிழமை வர்றோம்" என்றேன். வெள்ளிக்கிழமை கார் விற்றுவிட்டதாக மெசேஜ் வந்தது. தம்பிக்கு என்மேல் கோபம், இரண்டு நாள் பேசவில்லை.

மற்றவை சுருக்கமாக. சன்ரூஃப் உள்ள காரில் முன் சீட்டுக் கீழே கம்பளத்தை அழுத்தி ஈரம் இருக்கிறதா பாருங்கள். வடிகுழாய் அடைத்தால் தண்ணீர் போய்ச் சேர்வது பெரும்பாலும் அங்கேதான், பல கார்களில் வயர்களும் அங்கேதான் ஓடுகின்றன. டயர் பக்கச்சுவரின் கடைசி நாலு இலக்கம் தயாரித்த வாரமும் வருடமும்: 2321 என்றால் 2021-இன் 23-ஆவது வாரம். சொகுசு காரில் பேர் தெரியாத நாலு வெவ்வேறு டயர்கள் இருந்தால் ஓனர் மற்றதிலும் அப்படித்தான் மிச்சம் பிடித்திருப்பார். காற்று சஸ்பென்ஷன் என்றால் நாலு சக்கர வளைவுக்கும் உள்ள இடைவெளியை விரலால் அளந்துவிட்டு, ஒரு காபி குடித்து வந்து மறுபடி அளந்து பாருங்கள். இதெல்லாம் தேறினால் 200 டாலர் கொடுத்து உங்கள் மெக்கானிக்கிடம் லிஃப்டில் ஏற்றிக் காட்டுங்கள். விற்பவர் மறுத்தால் கிளம்பிவிடுங்கள்.

படி 9: வாங்கிய முதல் வாரம்

எஞ்சின் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில் மூன்றையும் மாற்றிவிடுங்கள், விற்பவர் என்ன சொல்லியிருந்தாலும். ஆயில் டப்பாவில் உங்கள் கம்பெனியின் அங்கீகார எண் இருக்க வேண்டும், கடைக்காரர் கொடுக்கும் ஏதோ ஒன்று போதாது. எட்டு கியர் இசட்எஃப் பெட்டி உள்ள காரென்றால் கார் கம்பெனி அதன் ஆயிலை "ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்" என்று சொல்லியிருக்கும். பெட்டியைச் செய்த இசட்எஃப்போ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு வருடத்தில் மாற்றச் சொல்கிறது. நான் செய்தவன் பேச்சைக் கேட்கிறேன்.

தம்பி கடைசியில் 2019 பிஎம்டபிள்யூ 540ஐ எடுத்தான், பி58 எஞ்சின், இரும்பு ஸ்பிரிங். மசாஜ் சீட் இல்லை என்று இன்னும் முனகுகிறான். ஆயிலை 10,000 மைலில் மாற்றினால் போதும் என்று டீலர் சொன்னாராம், நான் 5,000 என்றேன். ரசீதுகளை ஒரு கவரில் போட்டு கிளவ் பாக்ஸில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். அவன் விற்கும் நாளில் வாங்க வருபவர் முதலில் கேட்கப்போவது அந்தக் கவரைத்தான்.